குணசீலன், தினம் ஒரு வேளை

மனிதகுலம் இதுவரை கண்டுபிடித்த மருந்துகளிலேயே தலைசிறந்தது குணசீலன்தான் என்று இளவழுதி அறிவித்தான்.

அறிவித்த இடம் நல்வாழ்வுபுரம் அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவு. கேட்டவர்கள் பல மாவட்டங்களிலிருந்து வந்திருந்த சுகாதார அதிகாரிகள். அவன் சிரிக்காமல் சொன்னான், அவர்களும் சிரிக்காமல் குறித்துக்கொண்டார்கள். குணசீலன் மாத்திரை அல்ல, ஊசியும் அல்ல. மாநகரப் பேருந்தில் நடத்துனராக இருந்து ஓய்வுபெற்றவர். கொஞ்சம் தொப்பை உண்டு. பக்கவிளைவு என்று எதுவும் இதுவரை பதிவாகவில்லை.

"சுத்திப் பாருங்க," என்றான் இளவழுதி.

பார்த்தார்கள். சுருக்கம் விழாத வெள்ளை விரிப்புகளோடு கட்டில்கள் வரிசையாகக் கிடந்தன. உயிர்வளி உருளைகள் துடைத்த செம்புக்குடம்போல மினுங்கின. கடைசிக் கட்டிலில் செவிலியர் சுபைதா கால் நீட்டி அமர்ந்து வயர் கூடை பின்னிக்கொண்டிருந்தார். அதிகாரிகளைக் கண்டதும் எழுந்திருக்கப் பார்த்தவரை, "நீங்க இருங்க சிஸ்டர், நீங்கதான் சாட்சி," என்று இளவழுதி உட்காரவைத்தான். சுவரில் ஓர் ஒளிப்பலகை: இன்றைய அவசர வருகை 0.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்னால் இந்த அறையில் கால் வைக்க இடம் இருந்ததில்லை. அதற்குக் காரணம் நல்வாழ்வுபுரமே. ஆற்றோரங்களிலிருந்தும் கால்வாய் ஓரங்களிலிருந்தும் பெயர்த்தெடுத்த குடும்பங்களை, நகரத்துக்கு வெளியே ஒரு பொட்டலில், எண் போட்ட இருபது மாடிக் கட்டட அடுக்குகளில் செருகி உருவாக்கிய ஊர் அது. வீடுகளைக் குலுக்கல் போட்டு ஒதுக்கினார்கள். குலுக்கல் மிக நேர்மையாக நடந்தது. ஆகவே ஒரே தெருவில் ஒரே குழாயடியில் முடியைப் பிடித்துச் சண்டை போட்டவர்கள் எல்லாரும் வெவ்வேறு அடுக்குகளுக்கு நேர்மையாகச் சிதறினார்கள். சண்டை போடக்கூட ஆள் தெரியாத ஊரில் ஜனங்களுக்குத் தலை சுற்றியது, மூச்சு முட்டியது, படபடவென்று வந்தது, இன்னதென்று சொல்லத் தெரியாத ஏதோ ஒன்று எங்கேயோ வலித்தது. அவசரப் பிரிவுக்கு ஓடினார்கள். அந்த ஊரில் "என்னம்மா ஆச்சு?" என்று கேட்க ஆள் இருந்த ஒரே இடம் அதுதான். உண்மையிலேயே அடிபட்டு வந்தவன் அந்தக் கூட்டத்துக்குப் பின்னால் வரிசையில் நின்றான்.

இதைக் கண்டுபிடித்தவன் இளவழுதி. வியாதியில் பாதி தனிமை, தனிமைக்கு மருந்து ஆள் என்றான். மருந்தை எழுதிக் கொடுக்க ஓர் இயந்திரமும் செய்தான். அதன் பெயர் துணைக்கணி. ஊரில் எல்லார் மணிக்கட்டிலும் நாடிவளை மாட்டப்பட்டது. பார்க்க வந்த அதிகாரிகளுக்கும் வாசலிலேயே ஒன்று மாட்டிவிட்டிருந்தார்கள். நாடிவளை துடிப்பை எண்ணும், உறக்கத்தை அளக்கும், பேச்சைக் கேட்கும். கேட்டதையெல்லாம் துணைக்கணி அரைத்துப் பார்த்து, அடுத்து யார் அவசரப் பிரிவுக்கு ஓடிவரப் போகிறார் என்று முன்கூட்டிக் கணித்து, அவருக்குத் துணைச்சீட்டு எழுதும். சீட்டு இப்படி இருக்கும்: 'ஷர்மிளா, பதினோராம் அடுக்கு. குணசீலன், தினம் ஒரு வேளை, மாலையில். தாயம் விளையாடவும்.'

ஒரு பெண் அதிகாரி கேட்டார்: "ஜனங்க இதை ஏத்துக்கிட்டாங்களா? வலிக்குதுன்னு வந்தவங்ககிட்ட போய்த் தாயம் ஆடுன்னா அடிக்க மாட்டாங்க?"

இளவழுதி இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தான்.

"மேடம், இந்த ஊர் ஜனங்க உடம்புல நெஞ்சுன்னு ஒரு பாகமே கெடையாது. வயிறு நேரா கழுத்துல போய் முடியுது. எங்க வலிச்சாலும் வாயு. தோள்பட்டையில வலிச்சா, வாயு மேல ஏறிருச்சு. முதுகுல வலிச்சா, வாயு வழி தெரியாம சுத்துது. மாரடைப்புல கெடக்கறவன் வாயில சோடாவ ஊத்திட்டு, ஏப்பம் வந்துச்சா ஏப்பம் வந்துச்சான்னு சுத்தி நின்னு கேட்ட ஊரு மேடம் இது. அப்படிப்பட்டவங்களே இன்னிக்கு அறிவியல் சொல்றபடி கேக்கறாங்க. உங்க மாவட்டம் கேக்காதா?"

அதிகாரிகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அந்த இடத்தில் பிடித்துக்கொள்ள வயிறுதான் பொருத்தமாக இருந்தது. வரும் திங்கட்கிழமை இதே வாசலில் அமைச்சர் வந்து துணைக்கணியை மாநிலம் முழுவதற்கும் தொடங்கிவைப்பார் என்று சொல்லி இளவழுதி பேச்சை முடித்தான்.

வண்டிகள் கிளம்பிப் போனதும் சுபைதா வயரைப் பல்லால் கடித்து அறுத்துக்கொண்டே கேட்டார்.

"சார், நேத்து ஒருத்தர் வந்தார். போர்டுல சேக்கறதா வேணாமான்னு தெரியல."

"வந்தாரா? நேத்தும் போர்டுல சுழிதானே இருந்துச்சு?"

"அவரா வரல. தூக்கிட்டு வந்தாங்க. வரும்போதே முடிஞ்சிருச்சு. டாக்டர் பாத்துட்டு, இது வருகையில சேராதுன்னுட்டார். விதி அப்படித்தானாமே?"

அந்த விதியை எழுதியவன் இளவழுதிதான். சிகிச்சைக்காக உயிருடன் வந்து சேர்வதே வருகை. எழுதும்போது அது வெறும் இலக்கணச் சுத்தம் மாதிரி இருந்தது.

"யாரு?"

"அந்தோணிராஜ். ஏழாவது அடுக்கு, வெல்டிங் பட்டறை வெச்சிருந்தாரே. முன்னெல்லாம் அடிக்கடி வருவார். 'சிஸ்டர், நெஞ்சை ஒருதரம் பாத்துருங்க'ம்பார். பாத்து ஒண்ணும் இல்லன்னா எல்லாருக்கும் டீ சொல்லிட்டுப் போவார். அப்புறம் வரதே நின்னுபோச்சு. சரி, நல்லாயிட்டார்னு நெனச்சேன்." சுபைதா அடுத்த வயரைக் கோத்தார். "எனக்கு வேலை கொறஞ்சதுல சந்தோஷம்தான் சார். ஆள் வரது நின்னுச்சு, புரியுது. வியாதி எங்க போச்சுங்கறதுதான் புரியல."

"வியாதியே தனிமைதான் சிஸ்டர்," என்றான் இளவழுதி. மேடையில் இதே வாக்கியத்துக்குக் கைதட்டல் கிடைத்திருக்கிறது. இங்கே அது கட்டில்களுக்கு நடுவில் விழுந்து உருண்டு எங்கேயோ போனது.

வெளியே வந்து, அந்தோணிராஜுக்கு என்ன துணை எழுதப்பட்டிருந்தது என்று தன் நாடிவளையிடம் கேட்டான். குணசீலன், என்றது. வேறு யாருக்கெல்லாம் குணசீலன் என்று கேட்டான். அது சொல்ல ஆரம்பித்தது. நடந்துகொண்டே கேட்டான். பதினோராம் அடுக்கின் தண்ணீர்த் தொட்டியை அவன் அடைந்தபோது அது இன்னும் சொல்லிக்கொண்டிருந்தது.

தொட்டியின் நிழலில்தான் குணசீலன் மாலை வேளைகளில் இருப்பார். ஓடாத மின்தூக்கியின் கதவைக் கழற்றிச் செங்கல்மேல் படுக்கவைத்து, அதில் சாக்பீஸால் தாயக்கட்டம் வரைந்திருந்தார்கள். எதிரே ஷர்மிளா உட்கார்ந்திருந்தாள். ஐம்பதைத் தொடும் வயது. மகன் சூரத்தில் நூல் ஆலையில் இருந்தான். ஒரு காலத்தில் அவசரப் பிரிவின் மிகைவரவர்களில் முதல் பெயர் அவளுடையது. மிகைவரவர் என்பது அடிக்கடி வருகிறவர்களுக்கு இளவழுதி வைத்த பெயர். அவர்களில் உண்மையான நோய் கொண்டவர்கள் சிலரே. ஷர்மிளா அந்தச் சிலரில் ஒருத்தி. போன ஆண்டு எடுத்த படத்தில் அவளுடைய இதயக் குழாய் ஒன்று பாதி அடைத்திருந்தது. இப்போதைக்கு மாத்திரை போதும், வலி வந்தால் மட்டும் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் ஓடிவர வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். குணசீலன் எழுதப்பட்ட பிறகு அவள் வரவே இல்லை. அந்த வெற்றியை இளவழுதி எல்லா மேடையிலும் சொல்லியிருக்கிறான்.

"வாங்க சார், வாங்க! படிக்கட்டுல தொங்காம உள்ள வாங்க, உள்ள எடம் கீது," என்றார் குணசீலன். வேலையை விட்டாலும் வேலை அவரை விட்டிருக்கவில்லை.

"சார், இந்த அண்ணன் தாயத்துல திருடுது," என்றாள் ஷர்மிளா. "உங்க மிசினு அதுக்கு ஒரு மருந்து எழுதாதா?"

"யாரு, நானா? ஓடற பஸ்ல வித்தவுட்ட மோந்து பாத்தே புடிச்சவன்மா நானு. என்னியே திருடன்றா பாருங்க சார். ஆட்டத்த ஆடு."

அவள் கட்டையை உருட்டினாள். தாயம் விழுந்தது. கைகொட்டிச் சிரித்தவள், சிரிப்பு முடியும் முன்பே வலது கையை எடுத்து மார்பின் நடுவில் வைத்தாள்.

"இங்க ஒரு மாதிரி இழுக்குதுண்ணா. காத்தால மாடி ஏறச்சொல்லோ ஆரமிச்சது."

இளவழுதி நிமிர்ந்தான்.

"மத்தியானம் இன்னா சாப்ட்ட?" என்றார் குணசீலன்.

"மொச்சக்கொட்டை கொழம்பு."

"மொச்சயா! அத்த துன்னுட்டு இழுக்குதுன்றியே, பின்ன உள்ள போயி தாலாட்டா பாடும்? வாயும்மா. வெறும் வாயு. எங்க டிப்போல ஒரு டிரைவரு, இப்படித்தான் செத்தேன் செத்தேன்னு வண்டிய நடுரோட்டுல நிறுத்தினான். ஒரு ஏப்பம் வுட்டான் பாரு, பின்னாடி வந்த லாரிக்காரன் ஆரன்னு நெனச்சி ஒதுங்கிட்டான்."

ஷர்மிளா கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பக்கத்துக் கடையிலிருந்து சோடா வந்தது. குடித்தாள். ஏப்பம் வந்தது. "வந்துச்சு பாரு, லாரி ஒதுங்கிச்சா?" என்றார் குணசீலன். அவள் முகத்திலிருந்து பயம் வழித்து எடுத்ததுபோல் நீங்கியது. மணிக்கட்டில் நாடிவளை சிவப்பிலிருந்து பச்சைக்கு மாறியது. இளவழுதியும் சிரித்துக்கொண்டிருந்தான். தான் சிரிப்பது அவனுக்கே கொஞ்சம் தாமதமாகத்தான் தெரிந்தது.

அவன் மற்ற அடுக்குகளுக்கும் போனான். ஒன்பதாம் அடுக்கில் தையல்காரப் பெண் ஒருத்தி, தன் சீட்டுக்கு வந்த பழைய மீனவருக்கு இஞ்சி தட்டிப்போட்டுக் கொண்டிருந்தாள். "வாயு மாமா. அலையில நின்ன ஒடம்பு, காத்து உள்ள பூந்துக்கிச்சு," என்றாள். மீனவர் அவளைத் தன் மகளைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டே இஞ்சியை விழுங்கினார். நான்காம் அடுக்கின் மைதானத்தில் ஓய்வுபெற்ற விளையாட்டு ஆசிரியர் ஒருவர் தன் பங்கு நோயாளியை நடத்திக் கூட்டிப்போனார். "கேஸ் ட்ரபுள்! கையை வீசி நட, கேஸ் ஆவியாப் போயிரும்!" அடுத்த அடுக்கில் இளவழுதி கிட்டே போகவில்லை. தூரத்தில் நின்றான். ஒருவர் கை மார்புக்குப் போனது, எதிரே இருந்தவர் உதடு இரண்டு தரம் அசைந்தது, இருவரும் சிரித்தார்கள்.

இவர்களுக்கு யாரும் பாடம் எடுக்கவில்லை. இவர்கள் ஒருவரையொருவர் அறிந்தவர்களும் இல்லை. இத்தனை ஆயிரம் பேரில் இவர்களைத் தேடிப் பொறுக்கி எடுத்தது துணைக்கணி.

அலுவலகத்துக்குத் திரும்பிக் கதவைச் சாத்திக்கொண்டான். துணைக்கணிக்கு அவன் தேர்ந்தெடுத்திருந்த குரல், கோபமே வராத ஒரு தலைமையாசிரியையின் குரல்.

"குணசீலனை ஏன் இத்தனை பேருக்கு எழுதற?"

"பலன் அதிகம்."

"அவர்கிட்ட அப்படி என்ன இருக்கு?"

"முதலில் எனக்கும் விளங்கவில்லை. ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தேன். தாயத்துக்குச் சிறிது பலன் உண்டு. நடைக்கும் உண்டு. நட்புக்கு நடுத்தரமான பலன். ஆனால் வலி தொடங்குகிற வேளையில் பக்கத்தில் இருப்பவர் அது வாயு என்று சொல்லிவிட்டால், மருத்துவமனைக்கு எழுந்தவர்களில் பெரும்பாலோர் திரும்ப உட்கார்ந்துவிடுகிறார்கள். யார் சொன்னாலும் அல்ல, பிரியமானவர் சொல்ல வேண்டும். சிரிக்கவைத்துச் சொன்னால் உறுதியாக உட்காருவார்கள். ஆகவே, பிரியம் உண்டாகக்கூடியவராகவும் வாயு என்று சொல்லக்கூடியவராகவும் பார்த்து எழுதுகிறேன்."



"அந்தோணிராஜ் செத்துட்டார்."

"ஆம். இனி வரமாட்டார்."

"அது உனக்குத் தப்பாத் தெரியலையா?"

"இறப்பு வருகை அல்ல என்பது தங்கள் விதி. அதை மாற்றினால் துணைகளையும் மாற்றி எழுதுகிறேன். 'எதுக்கும் ஒரு எட்டு போய்க் காட்டிட்டு வந்துரலாம், வா' என்று சொல்லும் சுபாவம் உள்ளவர்களும் இந்த ஊரில் நிறைய இருக்கிறார்கள். இதுவரை அவர்களை நான் யாருக்கும் எழுதவில்லை. எழுதினால் வருகை பழைய அளவுக்குப் போகும். மாற்றட்டுமா?"

ஒரு சொல் சொன்னால் போதும். இளவழுதி அந்தச் சொல்லை வாயிலேயே வைத்துக்கொண்டான். அவன் கெட்டவன் அல்ல, ஆகவே யோசித்தான். பெரும்பாலும் அது உண்மையிலேயே வாயுவாகத்தான் இருக்கும். மீனவருக்கு ஒரு மகள் கிடைத்திருக்கிறாள். ஷர்மிளா சிரிக்கிறாள். பழைய கூட்டம் திரும்பி வந்தால் அந்தக் கூட்டத்துக்குப் பின்னால் நின்று சாகிறவர்களும் திரும்பி வருவார்கள், அவர்கள் சாவு யார் கணக்கில்? எல்லாமே நியாயமான எண்ணங்கள். நியாயமான எண்ணங்கள் எல்லாம் சேர்ந்து திங்கட்கிழமையைப் போய்த் தொட்டு நின்றன.

"திங்கட்கிழமை முடியட்டும்," என்றான்.

"நல்லது. திங்கட்கிழமை முடியும்வரை மாற்றமில்லை."

இயந்திரத்தை மாற்ற முடியாவிட்டால் என்ன, மனிதரை மாற்றலாம் என்று அவனுக்குத் தோன்றியது. விடிந்ததும் குணசீலனைத் தேடிப் பால் நிலையத்துக்குப் போனான். அவர் பை நிறையப் பால் பொட்டலங்களோடு நின்று, நான்கைந்து பேரைச் சிரிக்கவைத்துக் கொண்டிருந்தார். இளவழுதி அவரை ஓரமாக அழைத்தான்.

"அந்தோணிராஜ் விஷயம் தெரியுமா சார்?"

"சாவுக்குப் போய்ட்டு வந்தேன் சார். என் தோள்ல கை போட்டுனு நடந்த புள்ள. தூக்கறதுக்கும் என் தோள்தான்."

"அன்னிக்கு உங்ககிட்ட வலின்னு ஏதாவது சொன்னாரா?"

குணசீலன் பால் பையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார்.

"சொன்னான். புரோட்டா துன்னேன்னான். நான் எதோ சொன்னேன். சிரிச்சான் சார். சிரிச்சினுதான் மாடி ஏறினான்." அவனை ஏறிட்டுப் பார்த்தார். "இத்த ஏன் நீங்க கேக்கறீங்க?"

இளவழுதி சொன்னான். முழுதாகச் சொல்லவில்லை. இனிமேல் யாராவது நெஞ்சு வலி என்றால் வாயு என்று சொல்லவேண்டாம், ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுங்கள் என்று மட்டும் பொதுவாகச் சொன்னான். ஆனால் பேருந்தில் ஆயுள் முழுக்க முகங்களைப் பார்த்தவருக்கு அவன் முகம் போதுமாக இருந்தது.

"எத்தினி பேர்கிட்ட நான் அத்த சொல்லியிருப்பேன் சார்?"

"உங்களை நான் குத்தம் சொல்லல."

"நீங்க சொல்லல. அதான் சார் பயமாக்கீது. அதுக்காகத்தான் என் பேர எழுதினீங்களா?"

"நான் எழுதல. துணைக்கணி."

குணசீலன் நாடிவளையைக் கழற்ற முயன்றார். வியர்வையில் வழுக்கியது. பல்லால் கடித்து இழுத்துக் கழற்றி, அவன் சட்டைப் பையில் போட்டார், மிச்சச் சில்லறை கொடுப்பதுபோல.

"ஷர்மிளாகிட்ட மட்டுமாவது நீங்க பேசணும். உங்க பேச்சைத்தான் அவங்க கேப்பாங்க."

"என் பேச்ச கேக்கும். அதான் அதுங்கிட்ட இனிமே நான் பேச மாட்டேன்," என்றார் குணசீலன். "இனிமே நான் வாயத் தொறந்தா எனக்கே சந்தேகமா இருக்கும்."

அன்றே அவர் திருவள்ளூரில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். போகும்போது யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. ஊரின் மிகச் சிறந்த மருந்து இருப்பில் இல்லை என்று துணைக்கணி பதிவு செய்துகொண்டு, மாற்று மருந்து தேடத் தொடங்கியது. இளவழுதிக்கு இதைக் கவனிக்க நேரம் இல்லை. பந்தல், பூ, நாற்காலி, அமைச்சர் பேசவேண்டிய உரை என்று வேலை தலைக்குமேல் கிடந்தது. ஷர்மிளாவைப் போய்ப் பார்த்துத் தானே சொல்லிவிடலாம் என்று இரண்டு தரம் கிளம்பினான். இரண்டு தரமும் கைப்பேசி அழைத்தது. திங்கட்கிழமை முடிந்ததும் முதல் வேலை அதுதான் என்று வைத்துக்கொண்டான்.

திங்கட்கிழமை வந்தது. மருத்துவமனை வாசலில் பந்தல் போட்டு, அவசரப் பிரிவின் நுழைவாயிலுக்குச் சாமந்தித் தோரணம் கட்டியிருந்தார்கள். உள்ளே சுபைதா புதுச் சீருடையில், பின்னி முடித்த கூடையில் பழங்களை அடுக்கிக்கொண்டிருந்தார், அமைச்சருக்குக் கொடுக்க. ஒளிப்பலகையை எல்லாரும் பார்க்கும்படி வாசலுக்கு நேராகத் திருப்பி வைத்திருந்தார்கள். அதில் சுழி, தட்டில் வைத்த முட்டைபோல் மழமழவென்று இருந்தது. பிற்பகல் வெயில் பந்தலின் துணியைத் தாண்டி மஞ்சளாக இறங்கியது. இளவழுதி வெள்ளைச் சட்டையில் வாசலில் நின்றான்.

அப்போது பதினோராம் அடுக்கின் பக்கமிருந்து ஷர்மிளா வருவதைப் பார்த்தான்.

தனியாக வந்தாள். நைட்டியின் மேல் ஒரு துண்டு. இரண்டு அடி நடந்தாள், நின்றாள், கம்பத்தைப் பிடித்துக்கொண்டாள், மறுபடி நடந்தாள். பந்தலுக்குள் வந்தபோது அவள் நெற்றியிலும் மேலுதட்டிலும் வியர்வை முத்து முத்தாக நின்றது. வெயிலில் வருகிற வியர்வை அப்படி இருக்காது.

"சார், குணசீலண்ணன் எங்க சார்? கூப்டா எடுக்கல."

"மக வீட்டுக்குப் போயிருக்கார்."

"சொல்லாம போவாதே அது." மூச்சு வாங்கினாள். "மிசினு வேற சீட்டு குடுத்துக்கீது. உங்க பேரு போட்டுக்கீது சார். 'இளவழுதி, தினம் ஒரு வேளை'ன்னு. தப்பா வந்துருச்சோன்னு பாத்தேன்."

அவன் தன் நாடிவளையைத் திருப்பிப் பார்த்தான். இருந்தது. ஷர்மிளா, பதினோராம் அடுக்கு. அதன் கீழே இன்னும் பல பெயர்கள்.

"ஏன் நான்?" என்று உதடு அசையாமல் கேட்டான்.

காதில் செருகியிருந்த கருவியில் துணைக்கணியின் தலைமையாசிரியைக் குரல் சொன்னது: "அதிகாரிகளிடம் நெஞ்சு வலியைப் பற்றித் தாங்கள் பேசியதைக் கேட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். அறையில் இருந்த எல்லா நாடியும் ஒரே நேரத்தில் தணிந்தது. குணசீலனிடம்கூட நான் அப்படிக் கண்டதில்லை."

"நான் வெளையாட வரல சார்," என்றாள் ஷர்மிளா. "இங்க புடிச்சி இழுக்குது. கைக்கு எறங்குது. மொச்சயெல்லாம் துன்னல, சத்தியமா. உள்ள போயி சிஸ்டராண்ட ஒரு தபா காட்டிட்டு வந்துர்றேன். போவட்டா?"

அவள் கேட்டது அவனை என்னவோ செய்தது. இந்த ஊரில் அவசரப் பிரிவுக்குள் போக யாரும் யாரிடமும் அனுமதி கேட்டதில்லை. கதவு திறந்தே இருந்தது. அவள் பாட்டுக்கு அவனைத் தாண்டி நான்கு எட்டு வைத்தால் தோரணத்துக்கு உள்ளே இருப்பாள். சுபைதா பழக்கூடையைக் கீழே போட்டுவிட்டு ஓடிவருவார். குழாய், ஊசி, உயிர்வளி எல்லாம் துடைத்து வைத்தபடி தயாராக இருந்தன. வழியில் இருந்தது அவன் மட்டும்தான். அவன்கூட வழியை மறித்து நிற்கவில்லை, பக்கத்தில்தான் நின்றான்.

பெரிய சாலையின் திருப்பத்தில் அமைச்சருடைய முன்வண்டியின் சைரன் கேட்டது. பந்தலில் எல்லாரும் எழுந்தார்கள். யாரோ மாலையை உதறி நீர் தெளித்தார்கள். படக்கருவிக்காரர்கள் ஒளிப்பலகைக்கு எதிரே இடம் பிடித்தார்கள்.

பத்து நிமிடம்தான். விளக்கேற்றி, இரண்டு வார்த்தை பேசி, பலகையின் முன்னால் நின்று ஒரு படம் எடுத்துவிட்டால் முடிந்தது. அதன் பிறகு அவனே கைத்தாங்கலாக உள்ளே கூட்டிப் போவான். அதை அவன் மனதார நினைத்தான். அவள் முகத்தைப் பார்த்தான். வாயுவாகவும் இருக்கலாம்.

ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து, பந்தல்காலின் நிழலில், வாசலுக்குப் பக்கவாட்டில் போட்டான்.

"உக்காருங்கக்கா," என்றான். இதுவரை அவன் அவளை அக்கா என்று கூப்பிட்டதில்லை. குரல் அவனை அறியாமலே இறங்கி, வெதுவெதுப்பாக, யாரோ நெருங்கிய உறவுக்காரனுடையதுபோல் வந்தது.

அவள் உட்கார்ந்தாள். கை மார்பிலேயே இருந்தது. நிமிர்ந்து அவனையே பார்த்தாள்.

இளவழுதி அவள் பக்கம் குனிந்தான்.

"மத்தியானம் என்ன சாப்ட்டீங்க?"

அவள் யோசித்தாள்.

"மசால் வடை சார்," என்றாள் கூச்சத்துடன். "ரெண்டு."

"ரெண்டா!" என்றான் இளவழுதி. அவள் முகம் அதற்குள்ளாகவே சிரிப்பதற்கு இளகிக்கொண்டிருந்தது.